ஆனி மாதத்து வெள்ளாறு

ஆனி மாதத்தில் வெள்ளாற்றுக்குப் பறவை பார்க்க யாரும் வருவதில்லை. சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து நாங்கள் வந்திருக்கிறோம். பார்வை போன பிறகும் என் கணவர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்.

"சலசலன்னு கேக்குதே, என்ன பறவை?" என்கிறார்.

பறவை எதுவும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் கையால் துழாவி இறால் பிடிக்கிறாள். ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியிருக்கிறாள். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கூடையைக் கையில் எடுக்கிறாள்.

"நாந்தான் சார், எறா புடிக்கிறேன். பறவைங்க கார்த்திகைக்கு மேலதான் வரும்."

"அப்ப வந்து பாக்குறோம்மா" என்கிறார்.

அவள் குரல் வந்த பக்கம் திரும்பி அவர் பைனாகுலரைக் கண்ணில் வைக்கிறார். அவர் பார்த்து முடிக்கும்வரை அவள் அசையாமல் நிற்கிறாள்.