ஆகட்டும் என்றதும் நின்ற கேமரா

எங்கள் நகைச்சுவை வெப் சீரிஸில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். எனக்குப் பெண்ணின் தகப்பன் வேடம். திருப்பதியில் ஒரு டீக்கடையைப் பதினொரு மணி வரைக்கும் கேட்டு வாங்கியிருந்தோம். மாப்பிள்ளையாக நடித்தவன் அன்றிரவே வேலைக்காக பெங்களூர் போகிறான். அதற்குள் கடைசிக் காட்சி முடியாவிட்டால் சீரிஸே நின்றுபோகும்.

அவன் பெண் கேட்டதும் நான் "சரி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மூன்று முறை எடுத்தோம். மூன்று முறையும் கேமரா பாதியில் நின்றது. மணி பத்தே முக்கால். நான் பேட்டரியைத் திட்டினேன்.

கேமராக்காரனுக்குத் தமிழ் தெரியாது, தெலுங்குதான். "தாத்தாகாரே ஆகு அன்டுன்னாரு கதா!" என்றான்.

இயக்கும் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ தாத்தா, சரின்னு சொல்லச் சொன்னா ஆகட்டும்னு சொல்லிக்கினு கீறியே! தெலுங்குல ஆகுன்னா நில்லுன்னு தெரியாதா? நீ நிறுத்தச் சொன்னேன்னு அவன் நிறுத்திக்கினு கீறான்!"

தெரியும். ஆனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்றே பழகிய வாய்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கினார். "டீக்கு வர்றவங்க வெளியே நிக்கட்டும். இன்னொரு தபா எடுத்துக்கினு போ, பெரியவரே."

இம்முறை "சரி" என்றேன். கேமரா நிற்கவில்லை. அதைப் பிடித்திருந்தவன் சிரிப்பில் குலுங்கியதில் படம் சற்று ஆடியது. அதையே வைத்துக்கொண்டோம்.