புஷ்பம் அக்காவுக்குக் கேட்காத அஞ்சலி

யோகநாதன் அண்ணன் இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஓர் அழும் முகத்துடன் வந்தது. அதன் கீழே கைகூப்பல்கள் வரிசையாக விழுந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடியில் இணையத்தளங்கள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அண்ணன் அங்கே மூத்தவர். டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வீடு. மனைவி புஷ்பம் அக்காவுக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ள எழுத்தைக் கைப்பேசிதான் அவருக்கு வாசித்துச் சொல்லும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அதனால் வாசிக்க முடியாது.

சேர்ந்த புதிதில் நான் ஒரு தமிழ் அறிவிப்பைப் படமாக ஏற்றினேன். "என்னா தங்கச்சி, செவுத்துல ஒட்டுற நோட்டீஸா இது?" என்றார் அண்ணன். ஒரு காலத்தில் தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு. அது நம் கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்கக் குப்பை. அதனால் படமாக்கினார்கள். யுனிகோட் வந்து அந்தத் தேவை ஒழிந்த பிறகும் எங்களுக்குச் சோம்பல் ஒழியவில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்தின் நிரலில் எழுதிவைக்க இணையத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே இடம் உண்டு. அதையும் வெறுமையாகவே விட்டோம்.

எந்தப் பக்கம் முடிந்தாலும் அவர் கைப்பேசியில் வீட்டுக்கு அழைப்பார். "பெரியதொர பாஸ் பண்ணணும்ங்க" என்பார். தோட்ட மேலாளரின் பட்டத்தை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். ஒருநாள் அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "மூணு வாட்டி பொத்தான் பொத்தான்னு சொல்லுது. பக்கம் செஞ்சீங்களா, சட்டை தச்சீங்களா?" அண்ணன் சிரித்துக்கொண்டே மூன்று பொத்தான்களுக்கும் பெயர் எழுதினார்.

அவருக்கான அஞ்சலியைத் தளத்தில் போடும் வேலை என்னிடம் வந்தது. "படமாவே போடுங்க, அழகா இருக்கும்" என்றார் முதலாளி. விளக்கு, பூ, கறுப்புக் கரை, நடுவே எழுத்து. மறுக்காமல் செய்தேன்.

கருமாதியன்று அக்கா கைப்பேசியை நீட்டினார். "என்னமோ போட்டிருக்காங்களாம். எனக்குப் 'படம்'னு மட்டும் சொல்லுது. இவுங்களப் பத்தி என்னா எழுதியிருக்கு, புள்ள?"

வாசித்தேன். நான்கு வரி. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

"அவ்வளவுதானா?" என்றார்.

அந்தப் பக்கத்தைச் செய்த கையால் அவர் கொடுத்த தேநீரையும் வாங்கிக் குடித்தேன். அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

படத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில், இதுவரை எழுதிய இதையே எழுத்தாக ஏற்றுகிறேன். முதலாளியைக் கேட்கவில்லை. போய் வாருங்கள், அண்ணே. அக்கா முதலில் கேட்கட்டும். அவர் குறை சொல்லும் இடங்களைத் திருத்திவிடுகிறேன்.