மத்ஸ்ய கலா ரத்னம் பரத்வாஜ்

மயிலாப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்வருகிறவர்கள் பாதாம், பிஸ்தா, மூட்டுவலித் தைலம், பேரக்குழந்தையின் நானூறு புகைப்படங்கள் ஆகியவற்றோடு திரும்புவதுதான் வழக்கம். பரத்வாஜ் ஓர் இரும்புக் கவ்வியோடும் ஒரு பை நிறைய இறகுகளோடும் திரும்பினார்.

அவர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களுடைய விபத்துகளை நம்ப மறுப்பது அவர் வேலை. அதில் அவருக்கு நல்ல பெயர். ஓய்வு பெற்ற பிறகு நம்ப மறுப்பதற்கு வீட்டில் மனைவி நீரஜா ஒருத்திதான் இருந்தாள். அவளோ வங்கியில் கிளை மேலாளர். காலை எட்டரைக்குக் கிளம்பிவிடுவாள். பகல் முழுவதும் பரத்வாஜுக்குக் கைகள் சும்மா இருந்தன.

கொலராடோவில் மாப்பிள்ளை அனிருத் ஒரு சனிக்கிழமை அவரை மலை ஆற்றுக்குக் கூட்டிப்போயிருந்தான். மாப்பிள்ளை கழற்றிக் கொடுத்த சட்டையை வைத்துக்கொண்டு கரையில் நிற்பது மாமனாரின் பங்கு. அனிருத் மூன்று ட்ரவுட் மீன்களைப் பிடித்தான், மூன்றையும் தண்ணீரிலேயே விட்டான். விடுவதற்காகவா இத்தனை பாடு என்று பரத்வாஜுக்கு முதலில் தோன்றியது. பிறகு, யோசிக்க யோசிக்க, சைவக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான மீன்பிடி உண்டா என்று தோன்றியது. உண்மையில் அவர் மயங்கியது மீனைப் பார்த்தல்ல. மாப்பிள்ளையின் டப்பாவைப் பார்த்து. அதில் வரிசை வரிசையாக இறகு கட்டிய தூண்டில் முட்கள். சிலது பூச்சி மாதிரி, சிலது நீண்ட வாலோடு சின்ன மீன் மாதிரி. அந்த இரண்டாவது வகைக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். தண்ணீருக்குள் விட்டுவிட்டு இழுத்தால் இறகு சுருங்கி விரிந்து, பயந்து ஓடும் மீன்குஞ்சு போலத் தெரியும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். கட்டுவதற்கு எளிதும் அதுதான் என்று மாப்பிள்ளை சொன்னான். பரத்வாஜ் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் சாப்பாட்டு மேஜையில் கவ்வியைப் பொருத்தினார். முள்ளைக் கவ்வியில் மாட்டி, நூலைச் சுற்றி, பஞ்சு போன்ற இறகை வாலாக வைத்துக் கட்டி, உடம்புக்குத் தடித்த நூல் சுற்றி, அதன் மேல் சேவல் இறகை வளைத்து வளைத்து ஏற்றி, தலையில் முடிச்சுப் போட வேண்டும். முதல் ஸ்ட்ரீமர் குளியலறைக் குழாயை அடைத்துக்கொண்ட முடி மாதிரி வந்தது. நாற்பதாவது ஓரளவு மீனாகியது. நீரஜா அவரையும் கவ்வியையும் பால்கனிக்கு அனுப்பிவைத்தாள்.

மூன்று மாதத்தில் இறகு தீர்ந்தது. மின்னும் ஜரிகைக்குக் கவலை இல்லை; தெற்கு மாட வீதியில் சுவாமி அலங்காரச் சாமான் விற்கும் கடையில் வாங்கினார். எந்த சுவாமிக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு "சின்ன மூர்த்திதான்" என்று சமாளித்தார். ஆனால் இறகுக்கு என்ன செய்வது? ஒரு வாரம் தயங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை தொப்பியும் முகக்கவசமும் அணிந்துகொண்டு மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே அப்துல் கய்யூமின் கோழிக்கடை.

"வா சார். தோலோடயா, உரிச்சதா?" என்றார் கய்யூம்.

"எனக்குக் கோழி வேண்டாம்."

"பின்ன?"

"இறகு மட்டும். தொடைக்குப் பின்னாடி பஞ்சு மாதிரி இருக்குமே, அது. அப்புறம் நாட்டுச்சேவல் கழுத்துல நீளமா இருக்கறது."

கய்யூம் கத்தியை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மந்திரிக்கிறதுக்கா சார்?"

"இல்லப்பா, மீன் பிடிக்க."

"கோழிய வெச்சு மீனா? சரி வுடு சார், எனுக்கு இன்னா. பையப் புடி."

அன்று சாயங்காலம் வங்கியிலிருந்து வந்த நீரஜா பால்கனிக் கொடியில் இறகுகள் ஈரம் சொட்டத் தொங்குவதைக் கண்டாள்.

"ஏன்னா, என் ஷாம்புவைப் போட்டுக் கோழியைக் குளிப்பாட்டிண்டு இருக்கேளா?"

"கோழின்னு சொல்லாதே. இதுக்கு ஹேக்கிள்னு பேர்."

"இங்கிலீஷ்ல சொன்னா மடியாயிடுமா?"

இதோடு போயிருந்தால் பரத்வாஜின் வாழ்க்கை அடக்கமாகவே முடிந்திருக்கும். ஆனால் மேல் மாடி ரகுபதி அவரை மார்க்கெட்டில் பார்த்துவிட்டார். ரகுபதி அடுக்ககச் சங்கத்துக்கும் செயலாளர், தென்மயிலைப் பல்கலைப் பேரவைக்கும் செயலாளர். கோழிக்கடை வாசலில் தொப்பி, முகக்கவசத்தோடு பரத்வாஜ் பை நிறைய வாங்கிக்கொண்டு போனார் என்ற செய்தி இரண்டே நாளில் நான்கு மாட வீதியையும் சுற்றிவந்தது. அந்த நேரத்தில் ரகுபதிக்கு அந்தச் சந்தில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் 'அறுபது வயதுக்கு மேல் அசைவத்தின் தீமைகள்' என்ற கட்டுரையை மூன்று பேர் தனித்தனியாக அனுப்பினார்கள். கோயிலில் நீரஜாவின் கையை ஓர் அம்மாள் பிடித்துக்கொண்டு, "பொறுத்துக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றாள். நீரஜா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒண்ணு இதை விடுங்கோ. இல்லேன்னா எல்லாரையும் கூப்பிட்டு இன்னதுதான்னு சொல்லுங்கோ."

பரத்வாஜ் கூப்பிட்டார். சங்க அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டு, நடுவில் கவ்வியை வைத்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு ஸ்ட்ரீமரைக் கட்டினார். கூட்டம் சேவல் இறகைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. "இது அமெரிக்காவுல பெரிய பெரிய டாக்டர்கள், ஜட்ஜுகள் பண்ற விஷயம்" என்று அவர் ஆரம்பித்ததும் சுளிப்பு போயிற்று. "மீனைப் பிடிச்சு, ஒரு கீறலும் இல்லாம விட்டுடுவா" என்றதும் முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அப்போ இது ஜீவகாருண்யம்னு சொல்லுங்கோ" என்றார் ரகுபதி, முதல் நாளிலிருந்தே தாம் அதைத்தான் சொல்லிவந்ததைப் போல.

மயிலாப்பூரில் ஒருவர் மேல் பழி விழுவதற்கு இரண்டு நாள் ஆகும். புகழ் அதைவிட வேகமாக வரும். மறுநாளே பேரவை அவரைப் பேச அழைத்தது. 'ஸ்ட்ரீமர்: ஓர் அறிமுகம்', 'ட்ரவுட்டின் மனநிலை', 'வாலும் வாழ்வும்' என்று ஆறு சொற்பொழிவுகள். நீரஜா அறுந்த மாலையிலிருந்து கொடுத்த பித்தளை மணிகளை ஸ்ட்ரீமரின் தலைக்குப் பாரமாகக் கோத்ததை அவர் விளக்கியபோது ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டார். வருஷ முடிவில் பொன்னாடை போர்த்தி 'மத்ஸ்ய கலா ரத்னம்' என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் இதுவரை எத்தனை மீன் பிடித்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. சங்கீத விமர்சகரைப் பாடச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

பரத்வாஜுக்கு மட்டும் உள்ளே உறுத்தியது. வீசவாவது தெரிய வேண்டாமா? மாப்பிள்ளை அனுப்பிய தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார். முள்ளுக்குப் பதில் நூல் நுனியில் சிவப்புக் கம்பளிக் கயிற்றைக் கட்டி, மணலில் நின்று, தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசினார். இரண்டாம் நாள் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவரின் தொப்பியை நூல் சுருட்டிக்கொண்டு வந்தது. ஊரூர் குப்பத்துப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த மாசிலாமணி நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் எழுந்து வந்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீற? தண்ணி அந்தாண்ட கீது."

"பழகறேன். ட்ரவுட்னு ஒரு மீன். மலையிலதான் இருக்கும்."

"இங்க இல்லாத மீனுக்கு இங்க தூண்டி போட்றியா?"

பரத்வாஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்ட்ரீமரை எடுத்துக் காட்டினார். சின்ன மீனைப்போல் செய்து பெரிய மீனை ஏமாற்றும் தத்துவத்தை, 'வாலும் வாழ்வும்' சொற்பொழிவின் சுருக்கமாகவே சொன்னார். மாசிலாமணி அதை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். இறகு அசைந்தது.

"நல்லாத்தான் கட்டிக்கீற. ஆனா நெஜ சின்ன மீனே கூடை கூடையா கீதே, நைனா. ரெண்டு எடுத்துக்கினு போயேன்."

"அது விதிப்படி கூடாது."

"யாரு விதி? மீனோடதா?"

பரத்வாஜ் ஸ்ட்ரீமரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து திருவான்மியூர்க் கடற்கரைக்கு இடம் மாறினார்.

பிப்ரவரியில் ரகுபதி ஒரு குண்டைப் போட்டார். பேரவை உறுப்பினர்கள் பத்துப் பேர் நீலகிரிக்குப் போவது, மத்ஸ்ய கலா ரத்னம் நேரில் ட்ரவுட் பிடித்துக் காட்டுவது. வேன் சொல்லியாகிவிட்டது. மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. பரத்வாஜ் முழங்கால் வலி என்றார், சளி என்றார், தை அமாவாசை என்றார். முப்பத்து நான்கு வருஷம் இத்தகைய காரணங்களை நிராகரித்தவருக்கே தம் காரணங்கள் எடுபடவில்லை என்பது தெரிந்தது. நீரஜா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். "நீங்க வழுக்கி விழுந்தா யாரு தூக்கறது?" என்றாள்.

ஊட்டிக்கு மேலே, சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவில் ஓர் ஓடை. பத்துப் பேரும் கரையில் மடக்கு நாற்காலி போட்டு, கம்பளிக் குல்லாய் அணிந்து, கச்சேரி கேட்க வந்ததைப்போல உட்கார்ந்தார்கள். புளியோதரை, தயிர்சாதப் பாத்திரங்கள் வேனிலிருந்து இறங்கின. மீன்துறைக் காவலாளி ஒருவர் சீட்டைச் சரிபார்த்துவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்தார்.

பரத்வாஜ் கறுப்பு ஸ்ட்ரீமர் ஒன்றைக் கட்டி வீசினார். முதல் வீச்சு பின்னால் இருந்த புதரைப் பிடித்தது. இரண்டாவதும் அதே புதர். "ரொம்ப நுட்பம்" என்றார் நீதிபதி. ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டம் முழுவதும் தயிர்சாதத்துக்கு எழுந்துபோயிற்று. பரத்வாஜுக்கு நிம்மதியாக இருந்தது. பார்ப்பதற்கு ஆள் இல்லாததாலோ என்னவோ, அடுத்த வீச்சு ஓடையின் எதிர்க்கரையில் பாறை நிழலுக்குள் ஓசையின்றி விழுந்தது. நூலை இடது கையால் ஒரு முறை இழுத்தார். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். யாரோ மறுமுனையிலிருந்து திருப்பி இழுத்தார்கள்.

கோல் வில்லாக வளைந்தது. மீன் மேலே போயிற்று, கீழே வந்தது, ஒரு முறை தண்ணீரைவிட்டு எழும்பி வெயிலில் பளிச்சிட்டது. எப்படியோ அது அவர் காலடிக்கு வந்துசேர்ந்தது. ஒரு சாண் நீளம், பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி.

அப்போதுதான் பரத்வாஜுக்கு ஒன்று உறைத்தது. அறுபது வருஷத்தில் அவர் ஒரு மீனைத் தொட்டதே இல்லை.

"கையை நனைச்சுப் பிடிங்க சார்" என்றார் காவலாளி. "வயித்துக்குக் கீழே கையக் குடுங்க."

பரத்வாஜின் கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. "நெளியறது" என்றார்.

"மீன்னா நெளியும் சார். சீக்கிரம், செத்துடும்."

"நகருங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. நீரஜா கேன்வாஸ் ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஓடையில் நனைத்து, குனிந்து ஒரு கையால் மீனை ஏந்தினாள். மற்ற கையால் முள்ளை ஒரு திருப்பு திருப்பி எடுத்தாள். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி அசையாமல் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது வாலை அடித்துக்கொண்டு பாறை நிழலுக்குள் போய்விட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பரத்வாஜ்.

"தெனமும் சாயங்காலம் டிவில இதைத்தானே ஓட விட்டுண்டு இருந்தேள்? நீங்க மீன் மாட்டற வரைக்கும் பார்த்துட்டு எழுந்து போயிடுவேள். நான் மிச்சத்தையும் பார்ப்பேன்."

ரகுபதி தயிர்சாதத் தட்டோடு ஓடிவந்து எடுத்த புகைப்படத்தில் நீரஜாவின் முதுகும் தண்ணீரில் ஒரு வளையமும்தான் விழுந்திருந்தன. அடுத்த வாரம் பேட்டைச் செய்தித்தாளில் 'மத்ஸ்ய கலா ரத்னம் ட்ரவுட்டை வென்றார்' என்று தலைப்பு. திருமதி பரத்வாஜும் உடனிருந்தார் என்பது கடைசி வரி. ஞாயிற்றுக்கிழமைக்குச் சிறப்புச் சொற்பொழிவு அறிவித்தார்கள்: 'ட்ரவுட்டும் நானும்.'

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீரஜா வந்ததும் பரத்வாஜ் தாமே காபி கலந்து கொண்டுவந்தார். கல்யாணமாகி இது மூன்றாவது தடவை.

"கையில பிடிச்சியே, எப்படி இருந்தது?"

நீரஜா டம்ளரை வாங்கிக்கொண்டு யோசித்தாள். "ஜில்லுனு இருந்தது. குழந்தையை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டறச்சே வழுக்குமோல்லியோ, அப்படி. ஆனா உள்ளே அத்தனையும் பலம். ஒரு நிமிஷம் என் கையில சாஞ்சுண்டது." டம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்குக் கேக்கறேள்?"

"ஞாயித்துக்கிழமை பேசணுமே" என்று பரத்வாஜ் பேனாவை எடுத்தார்.

பேரவை மண்டபம் நிறைந்திருந்தது. எண்ணெய்க் குளியல் உவமைக்குப் பலத்த கைதட்டல். பரத்வாஜ் நீரஜா உட்கார்ந்திருந்த மூன்றாம் வரிசையைப் பார்ப்பதைத் தவிர்த்தபடியே நாற்பது நிமிஷம் பேசினார். முடிந்ததும் நீதிபதி எழுந்து, முள்ளை எடுக்கும்போது மீனின் வாய் எப்படி இருந்தது, பல் உண்டா என்று கேட்டார்.

பரத்வாஜின் குறிப்பில் பல் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் எதிராளி இப்படி முழிப்பதை அவர் மேஜைக்கு மறுபக்கத்திலிருந்து ரசித்தவர். இப்போது முழிப்பது அவர் முறை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டார், பிறகு திறந்தார்.

"எனக்குத் தெரியாது. நான் தொடவே இல்லை. பயமா இருந்தது. பிடிச்சது, விட்டது எல்லாம் அவதான்."

நீரஜா உட்கார்ந்த இடத்திலிருந்தே, பொடிப்பொடியாகப் பல் உண்டு, நாக்கில்கூட உண்டு, விரலில் கீறியது என்று சொல்லி விரலைக் காட்டினாள். இன்னும் நாலு பேர் கேள்வி கேட்டார்கள், எல்லாம் மூன்றாம் வரிசையை நோக்கி. ஒரே ஒரு பொன்னாடையோடு மேடையில் நின்ற ரகுபதி அதை யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் தம் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

வெளியே ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். நீரஜாதான் பேசினாள்.

"அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கேன். மீன்துறைச் சீட்டு என் பேர்ல வாங்கறேன். உங்க கூட்டமெல்லாம் வேண்டாம். ஒரு டஜன் கட்டிக் குடுங்கோ, எல்லாம் கறுப்புல."

பரத்வாஜ் சொற்பொழிவுக் குறிப்பைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"முள்ளு ஆறாம் நம்பரா, எட்டா?"

"எட்டு" என்றாள் நீரஜா. "வாலைக் கொஞ்சம் குட்டையா விடுங்கோ. போன தடவை அதிகம்."