பிராக்குக் காட்டிய மலைகள்

ஈரமான மழையங்கிகள் ஹீட்டரின் மேல் காயும் மணமும், அவிந்துகொண்டிருக்கும் பிட்டின் தேங்காய்ப்பூ மணமும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்குத் தெற்குத் தீவு ஞாபகத்துக்கு வரும். தெ அனாவ் ஏரிக்கரையில் ஒரு மோட்டல் அறை, வெளியே விடாமல் மழை, உள்ளே அம்மா பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த ஓலை 'நீத்துப்பெட்டி'யில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். அப்பா கட்டிலில் வரைபடத்தை விரித்துவைத்து, நாளைக்கு மில்ஃபோர்டுக்குப் போகிற வழியில் எங்கெங்கே இறங்கிப் பார்ப்பது என்று விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருந்ததைப்போல நான் அதற்கு முன்னும் பின்னும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போது ஆக்லாந்தில் கிளென் ஈடனில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு களஞ்சியத்தில் வேலை, அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில். யாராவது சுற்றுலாப் படங்களைக் காட்டினால், "நாங்கள் ஊர் சுத்த வந்த ஆக்கள் இல்லை" என்று அப்பா பேச்சை முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறவர்களோடு அவர் பேசுவது நகரத்தின் மறுபக்கத்திலிருந்த எப்சம் பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான். அந்தப் பள்ளிக்கூடங்களின் 'சோன்' என்கிற எல்லைக்குள் வீடு இருந்தால்தான் பிள்ளைக்கு இடம் கிடைக்கும், இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்பார்கள். அண்ணாவுக்குப் பதின்மூன்று வயது, புதுப் பள்ளிக்கூடம் போகவேண்டிய வருடம். எனக்கு ஒன்பது. எனக்கு அந்தப் பேச்செல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி, காதில் விழும், மனதில் நிற்காது.

என் மனதில் நின்றது மெலே. பக்கத்து வீட்டு டொங்கா தீவுக்காரப் பிள்ளை, என் வயதுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவேயிருந்த வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. அந்த இடைவெளிக்குள்ளால் நாள் முழுக்கப் போய் வருவோம். நாங்கள் தெற்குத் தீவுக்குப் போய்த் திரும்பி வருகிற வார இறுதியில் அவளுக்குப் பிறந்தநாள். தோட்டத்தில் குழி வெட்டிப் பன்றி சுடுவார்கள், மாமாக்கள் எல்லாரும் வருவார்கள், கேக் வெட்டும்போது பக்கத்தில் நிற்கப்போவது நான்தான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. புறப்பட்ட அன்று காலையில் மெலேயும் அவளுடைய அம்மாவும் வாசலுக்கு வந்தார்கள். நான் கட்டாயம் வந்துவிடுவேன் என்று மெலேக்குச் சத்தியம் செய்தேன். வருவாள்தானே என்று அவளுடைய அம்மா கேட்டபோது, என் அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்தப் பயணத்தில் அப்பா வேறு ஒரு மனிதராக இருந்தார். கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அப்பாவின் கையிலிருந்து கேட்காமல் ஐஸ்கிரீம் வருகிறதென்றால் உலகத்தில் ஏதோ கோளாறு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. மலைக்குள் போகும் சுரங்கப்பாதைக்கு முன்னால் கார்கள் வரிசையில் நின்றபோது, கீயா என்னும் பச்சைக் கிளிகள் இரண்டு வந்து வாடகைக் காரின் கண்ணாடி ரப்பரைக் கொத்தி இழுத்தன. வேறு நாளென்றால் அப்பாவின் வாயில் வந்திருக்கும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சுரங்கத்தைத் தாண்டி இறங்கினால் மலைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கி நின்றன. மழை பெய்திருந்ததால் பாறையெங்கும் வெள்ளை வெள்ளையாக அருவிகள், எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியவில்லை. படகு ஒரு பெரிய அருவிக்குக் கிட்டப் போனபோது அண்ணா, என்னோடு ஒரு சீட்டுக்காகக் கூடச் சண்டை பிடிக்கிற அண்ணா, முன்பக்கத்தில் தான் பிடித்துவைத்திருந்த இடத்தை எனக்குத் தந்துவிட்டுப் பின்னால் போய் நின்றான். "ஆசை தீரப் பாருங்கோ" என்றார் அம்மா. தலையெல்லாம் நனைந்து, "அம்மா, இதெல்லாம் மெலேக்குச் சொல்லோணும்" என்று நான் கத்தினேன். அம்மா தன் சால்வை நுனியால் என் முகத்தைத் துடைத்து, "ஓம், சொல்லலாம்" என்றார். அந்தக் கடற்கரையில் மெலேக்கென்று ஒரு கல்லும் பொறுக்கிக்கொண்டேன்.

ஆக்லாந்து விமான நிலையத்துக்குச் சித்தப்பா வான் கொண்டு வந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும், "சித்தப்பா, இது எங்கட ரோட்டு இல்லை" என்றேன். வான் எப்சமில் ஒரு சின்ன யூனிட் வீட்டின் முன்னால் நின்றது. உள்ளே எங்கள் சோபா இருந்தது. எங்கள் கோப்பைகள் தட்டில் அடுக்கியிருந்தன. ஒரு புது அறையில் என் கட்டில், என் போர்வை விரித்தபடி. நாங்கள் மலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் சித்தப்பாவும் சிநேகிதர்களும் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அம்மா பெட்டியைத் திறந்து நீத்துப்பெட்டியைக் குசினியில் வைத்தார். அந்தத் தடியன்கள் அதை நசுக்கிவிடுவார்கள் என்றுதான் கையோடு கொண்டு திரிந்திருக்கிறார். பிறகு, 'டெய்ரி' என்கிற மூலைக்கடையில் வாங்கிய பாலை அடுப்பில் வைத்தார். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டுமல்லவா.

"மெலேக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அழுதுகொண்டு நிப்பாய். பிறகு எப்பிடி வெளிக்கிடுறது?" என்றார் அம்மா. "என்னையும் சின்ன வயசில எங்கட வீட்டில உப்பிடித்தான். கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லித்தான் ஊரில இருந்து கூட்டிக்கொண்டு வந்தவை. நான் செத்தா போனன்?"

அப்பா, "எல்லாம் உங்கட படிப்புக்குத்தானே பிள்ளை" என்றார். அண்ணாவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'சாரி' என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. படகில் விட்டுக்கொடுத்த இடத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

சின்னப்பிள்ளைக்கு ஊசி போடும்போது 'அங்க பார் குருவி' என்று முகத்தைத் திருப்பிவிடுவதை எங்கள் வீட்டில் 'பிராக்குக் காட்டுறது' என்பார்கள். எனக்குக் குருவி போதாதென்று ஒரு மலைத்தொடரையே காட்டியிருக்கிறார்கள். பிறந்தநாளுக்காவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுதேன். சாமான் அடுக்கி முடியட்டும் என்றார்கள், அடுத்த கிழமை பார்ப்போம் என்றார்கள். அந்தக் கிழமை வரவேயில்லை. கல்லை யூனிட்டின் பின்பக்கத்தில் எறிந்துவிட்டேன்.

அவர்கள் நினைத்ததெல்லாம் நடந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அண்ணா பொறியியலாளர், நான் மருந்தாளர். கார் ஓட்டப் பழகியதும் நான் முதலில் போனது கிளென் ஈடனுக்குத்தான். மெலேயின் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதாக மூலை டெய்ரிக்காரர் சொன்னார். இப்போது அந்த இரண்டு பலகை வீடுகளும் இல்லை. மரமும் இல்லை, வேலியும் இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்பு நிறத்தில் புது வீடுகள் நிற்கின்றன. எது எங்கள் முற்றம், எது அவளுடையது என்று நின்று பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கேயோ இருக்கிற மெலேயைப் பொறுத்தவரை சத்தியம் செய்துவிட்டு வராமல் போனவள் நான்தான், அப்பாவுமில்லை அம்மாவுமில்லை.

போன மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தொலைக்காட்சியில் அந்தப் பயணத்தில் எடுத்த பழைய படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அருவிக்கு முன்னால் பல்லெல்லாம் தெரிய நான். "எவ்வளவு சந்தோசமாப் போயிட்டு வந்தம்" என்றார் அம்மா. அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை, இத்தனை வருடமும் சொல்லாததை, அந்தப் பயணத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதைச் சொன்னேன். அவர் திகைத்துப்போய், "சின்னப்பிள்ளையள் உதெல்லாம் மறந்திடுங்கள் எண்டு நினைச்சன்" என்றார்.

"நீங்கள் மறந்தனீங்களோ?"

படங்கள் மாறிக்கொண்டிருந்தன. பிறகு, என்னைப் பார்க்காமலே, "ரஞ்சி" என்றார். "பக்கத்து வீடு. பின்னேரம் விளையாட வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கோயிலுக்கு வெளிக்கிட்டனான்."

அதைக் கேட்டதும் என் மனம் இளகிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். அந்தப் பெயரை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் அம்மா அன்று காலை வாசலில் நின்று மெலேயின் அம்மாவுக்குத் தலையாட்டியிருக்கிறார்.