சின்னப்பொண்ணு கேட்ட கேள்வி

காலை ஆறேகாலுக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். காரவள்ளியில் மலை தொடங்கியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வேடிக்கை பார்க்க மனமில்லை. நான் செய்த தப்பைத் திருத்தப் போகிற பயணம் இது.

மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராயும் குழுவில் இருக்கிறேன். போன மாதம் இந்த மலைமேல் எடப்புளி நாட்டில் ஊர் ஊராய் ரத்தம் எடுத்தோம். கேள்விகளும் கேட்டோம். படி ஏறும்போது முட்டி வலிக்கிறதா என்பது முதல் கேள்வி. அதை எழுதிய மேதாவி நான்தான். அநேகமாக எல்லோரும் இல்லீங்க என்றார்கள். எல்லோரையும் வலியில்லாதவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டு, மலைக்காற்றை மெச்சிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பட்டியலில் இருந்த சின்னப்பொண்ணின் ரத்தத்தில், குருத்தெலும்பு தேய்வதற்கான அறிகுறி தெரிந்தது. அப்போதுதான் என் கேள்வி மேலேயே சந்தேகம் தட்டியது.

ஒன்பது மணிக்குச் செம்மேடு. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. அப்புறம் ஜீப்பில் கொஞ்ச தூரம், மிச்சம் நடை. சின்னப்பொண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். வீட்டை ஒட்டிய தன் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பழைய கேள்வியையே மறுபடி கேட்டேன். அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒரே ஒரு கல்தான் படி.

"ஏறையில மூச்சுதானுங்க வாங்கும். மூட்டையோட எறங்கையிலதான் முட்டி கழண்டு போற மாதிரி வலிக்கும்."

போன தடவை ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க அதக் கேக்கலீங்களே."

வெட்கமாக இருந்தது. லாரி நிற்கும் ரோடு கீழே இருக்கிறது. இந்த ஊரில் சுமை எப்போதும் கீழேதான் இறங்கும். ஏறும்போது யார் தலையிலும் சுமை இருக்காது. இதைப் போன மாதமே கண்ணால் பார்த்தவன் நான்.

ரத்தத்தில் தெரிந்ததைச் சொன்னேன். தேய்வதை நிறுத்த மருந்து இல்லை, தொடைக்குப் பலம் தரும் பயிற்சி உண்டு, சுமையைக் குறைக்க வேண்டும் என்றேன். கிழங்கைக் கீழே சேர்க்கத் தன்னை விட்டால் ஆளில்லை, முட்டி போனால் காடும் தரிசுதான் என்றார். சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்துப் பாதிக் கிழங்கைக் கொட்டினார்.

"பாதி பாதியாக் கொண்டுபோனா ரெண்டு தடவ எறங்கோணுமுங்க. முட்டிக்கு எது நல்லதுங்க? பாரம் கொறையறதா, எறங்கறது கொறையறதா?"

எனக்குத் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க" என்று பாதி மூட்டையைத் தலையில் வைத்து இறங்கத் தொடங்கினார்.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் உண்டு. அங்கே உட்கார்ந்து அவருடைய கேள்விக்கு நாங்கள் விடை தேட எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரைக்கும் அவர் ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு தடவை இறங்குவார்.