தேசிக்கன்றுக்கு விருந்து போனவை

கறிவேப்பிலை கசக்கிய விரலை முகர்ந்தால் போதும், புளியங்கூடல் வீட்டுக் கிணற்றடியில், உவர்த்தண்ணீருக்குத் தப்பிய எங்கள் ஒற்றைக் கறிவேப்பிலைக் கன்றும், குருவி எச்சம்போல் அதில் ஒட்டியிருந்த புழுக்களும் வந்துவிடுகின்றன. நசுக்கிவிடச் சொன்னார் அம்மா. மனம் வராமல் வேம்பிலும் முருங்கையிலும் செவ்வரத்தையிலும் மாற்றிமாற்றி விட்டேன்; பட்டினி கிடந்தன. வேலிக்கு அப்பால் மரியாக்காவின் தேசிக்கன்றில், அதுதான் எலுமிச்சையில், விட்டதும் விளிம்பிலிருந்தே தின்னத் தொடங்கின.

மறுநாள் மரியாக்கா அவற்றைச் சிரட்டையில் கொண்டுவந்தார்.

"தங்கச்சி, உம்மடை பெட்டை விட்டதைக் கண்டனான். உங்கடை ஆக்கள் எங்கடை வீட்டிலை சாப்பிடுகினம். நீர் சமைக்கிறேல்லையோ?"

அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"எங்கடை இலையிலை வளர்ந்ததுகள் அக்கா, உங்கடை புளிப்பு அதுகளுக்குச் சரிவராது."

சிரட்டையை வாங்கி, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே எங்கள் கறிவேப்பிலைக் கன்றில் ஏற்றினார். அவை வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறக்கும்வரை எங்கள் சொதி கறிவேப்பிலை இல்லாமலேயே கொதித்தது.