ஏறி நின்ற பல்

பல் செட்டு செய்கிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். குறைந்துதான் போனது. அந்த வாயால்தான் செட்டுக்காரி ஒன்பது வருஷமாக அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். குடும்பமாக நின்று போட்டோ எடுத்தார்கள். எல்லோரையும் சிரிக்கச் சொன்னார் போட்டோக்காரர். அண்ணிக்கு மேல்வரிசையில் ஒரு முன்பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி நிற்கும். "அண்ணி, நீங்க மட்டும் வாய மூடிக்கிட்டு சிரிங்க. இல்லன்னா அந்தப் பல்லு போட்டோவுக்கு வெளிய வந்து நிக்கும்" என்றாள் இவள். கூட்டமே சிரித்தது. அண்ணி வாயை மூடினவள்தான், இவளிடம் அப்புறம் திறக்கவே இல்லை. அண்ணன் மட்டும் எப்போதாவது வருவார். உட்காராமலே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

இவளுக்குப் பட்டறை என்றால் வீட்டின் பின்னறைதான். ஒரு மேஜை, ஒரு விளக்கு, மெழுகு உருக்கச் சின்ன அடுப்பு, அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாய் ஜிப்சம் மாவில் வார்த்த வாய்கள். பல் டாக்டரம்மா நோயாளி வாயில் எடுத்து அனுப்புகிற அச்சில் அந்த மாவைக் கரைத்து ஊற்றுவாள். இறுகினதும் எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். மாவு இறுக முக்கால் மணி ஆகும். அவசரப்பட்டால் உடையும். அந்த முக்கால் மணியும் போனை எடுத்து யாரையாவது பிடித்து, வேறு யாரையாவது கிழிப்பதுதான் அவள் பிழைப்பு. பொய் சொல்லவில்லை, தெருவே சொல்லும்.

அதை நிறுத்தியது புத்தகம். வீட்டுக்காரருக்குப் பஸ் டிப்போவில் வேலை, ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களுக்குப் பொறுப்பு. வருஷம் கழிந்தும் யாரும் தேடி வராத புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டு வருவார். ஒன்றில், மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனி, வேறொன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தது. இது என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தாள். பத்து மூச்சுகூட மனசு நிற்கவில்லை. விடுவாளா? மாவு இறுகும்போது உள்ளுக்குள் சூடு ஏறும், அப்புறம் ஆறும். அச்சின்மேல் கையை வைத்து, அந்தச் சூடு வந்து போகும்வரை மூச்சைப் பார்த்தாள்.

"என்னம்மா, பல்லுக்கு ஜுரமா?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்குத்தான். சும்மா இருங்க."

மாதங்கள் போகப் போக வீட்டில் சத்தம் குறைந்தது. அவருக்கே பயமாகிவிட்டது. "உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்து வந்த புத்தகம் புத்தர் சொன்ன கருணையைப் பற்றியது. கண்ணை மூடி, முதலில் உன்னை நினைத்து நலமாக இரு என்று சொல், அப்புறம் பிரியமானவர், அப்புறம் முகம் மட்டும் தெரிந்தவர், கடைசியாக உனக்கு ஆகாதவர். மூன்று பேருக்குச் சொன்னாள், நெஞ்சு இலேசாயிற்று. நாலாவதில் அண்ணி முகம் வந்தது. சட்டென்று கண்ணைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டு மெழுகை விட்டு, அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிட்டாள்.

ஒரு நாள் வந்த அச்சோடு இருந்த சீட்டில் அண்ணி பெயர். குளியலறையில் வழுக்கி விழுந்து மேலே நாலு முன்பல் போய்விட்டதாம். டாக்டரம்மாவுக்கு உறவு தெரியாது. செட்டுக்காரி சீட்டையே வெகுநேரம் பார்த்தாள். சரி, இந்த ஊரில் எவருக்கும் இல்லாத வரிசையைச் செய்து கொடுக்கிறேன், அதுவே என் கருணை என்று உட்கார்ந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நாலு பல். செட்டை முடிக்கும் முன்னால், மெழுகோடு வாயில் போட்டுப் பார்க்க டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். அன்றைக்கு அவளுக்கே அவள்மேல் கொஞ்சம் மதிப்பு.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்தார். "பல்லு அழகாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா கண்ணாடியப் பாத்துட்டு அழுதுட்டாங்க. இது நான் இல்லையேங்கிறாங்க."

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. எவ்வளவு செய்தாலும் திருப்தியில்லை பார் என்று சொல்ல ஆள் தேடி விரல் போனில் ஓடியது. மேஜையில் வேறொரு அச்சு இறுகிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் இன்னொரு கை அதன்மேல் போய் உட்கார்ந்தது. சூடு வந்தது, மூச்சு வந்தது, பின்னாலேயே புத்தியும் வந்தது. அன்றைக்குப் போட்டோ எடுக்கும்போது வாயால் சொன்னதையே இப்போது மெழுகில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

எந்தப் பல் ஏறி நின்றது, இடமா வலமா? போட்டோவை எடுத்தாள். அதில் அண்ணி வாய் மூடியிருந்தது, இவள் உபயம். அண்ணனைக் கேட்கலாம், கேட்க மாட்டாள். ஒட்டிய பக்கத்தை நகத்தால் பிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள். அண்ணி புதுசாக வந்த வருஷம், இவளுடைய பள்ளிக்கூடப் பாவாடைக்கு விளிம்பு தைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. கத்தரியைத் தேட மாட்டாள், தலையைச் சாய்த்து நூலை அந்தப் பல்லில் வைத்து நறுக்கென்று கடிப்பாள். தைத்த பாவாடையை விரித்துக் காட்டிச் சிரிப்பாள். இடப்பக்கம். அப்போது வாய் தானாகச் சொன்னது, "நல்லா இருங்க அண்ணி." திரும்பி வந்த செட்டின் மெழுகை இளக்கி, இடப்பக்கப் பல்லை ஒரு மயிரிழை திருப்பி ஏற்றி வைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பட்டறை வாசலில் ஆள் நிழல் விழுந்தது.

"டாக்டரம்மாகிட்ட யாரு செஞ்சதுன்னு கேட்டேன்" என்றாள் அண்ணி. "இடப்பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"நீங்க நூலு கடிக்கிறது ஞாபகம் வந்துச்சு. அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"இதச் சொல்ல ஒன்பது வருஷமா? உன்னவிட உன் மெழுகு சீக்கிரம் இளகிடும் போலிருக்கே." சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். மேஜையில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினாள். "இந்தப் பக்கத்துல மட்டும் ஏன் மெழுகு?"

"அது உங்க பக்கம் அண்ணி. திறக்க நேரமாயிடுச்சு."

அண்ணி இரண்டு வரி படித்தாள். ஆகாதவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது, அந்தப் பல் முதலில்.